யுரேனஸ் கேமராவுக்கு ஒரு வாரிசு

எங்கள் பார்த்திபன் சாருக்கு யாரைப் பார்த்தாலும் பொறாமை. பக்கத்து மேசைக்காரன் நான், தெரிந்துதான் சொல்கிறேன். ஆம்பூரில் அவர் எதிர்வீட்டுக்காரர் ஷூ கம்பெனியில் மேனேஜரானபோது மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் வேலூரில் எங்கள் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, யுரேனஸுக்குப் போகும் ஆளில்லா விண்கலத்துக்கு ஒரு கேமராவை வருஷக்கணக்காக உட்கார்ந்து வடிவமைத்தவர் அவர்தான். சனி, குரு என்றால் ஊரே விசாரித்திருக்கும். யுரேனஸுக்கு ஜாதகத்தில் இடமில்லை, ஒருவரும் கேட்கவில்லை.

கலம் கிளம்பவே பத்து வருஷம், போய்ச் சேர இன்னும் பதிமூன்று. அப்போது சாருக்கு எழுபத்து மூன்று வயதாகியிருக்கும். அதனால் ஒவ்வொரு கருவிக்கும் இளவயதில் ஒரு வாரிசைக் காட்டச் சொன்னது திட்டக் குழு. கலம் சேரும்போது கருவி அந்த வாரிசின் பொறுப்பு, முதல் படத்தைப் பார்ப்பதும் வாரிசுதான்.

சாரிடம் ஆராய்ச்சி செய்த கவிப்ரியா, குடியாத்தம் லுங்கித் தறிக்காரர் மகள். சார் பாதி சொல்லும்போதே மீதியைப் பிடித்துவிடுவாள். அதுதான் அவருக்கு வயிற்றெரிச்சல். காந்தப்புலம் அளக்கும் குழுவுக்கு அவளைத் தள்ளிவிட்டு, தன்னிடம் இருந்த இன்னொரு மாணவன் கோபியை வாரிசாக்கினார். கோபி தங்கமான பையன், மண்டையில் எதுவும் ஏறாது. கடைசியில் தன்னைத்தான் கூப்பிட்டாக வேண்டும் என்பது அவர் போட்ட கணக்கு.

திட்டக் குழுவின் ஆய்வுக் கூட்டம் எங்கள் கல்லூரியிலேயே நடந்தது. வாரிசுகள் மட்டுமே பதில் சொல்ல வேண்டும், மூத்தவர்கள் வாய் திறக்கக் கூடாது என்று விதி.

"அங்க வெளிச்சம் ரொம்ப கம்மி. ஒரு படம் எடுக்கவே நேரம் ஜாஸ்தி ஆகும். கலம் போற வேகத்துல படம் கலங்கிடாதா?" என்றார் குழுத் தலைவர்.

"இன்னா சார் கேட்டீங்க?" என்றான் கோபி.

பார்த்திபன் சாருக்கு விடை தெரியும். விதிப்படி சொல்ல வழியில்லை. கேமராவைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடலாம் என்று தலைவர் பேச்சை முடிக்கப் போனார்.

காந்தக் குழுவின் வாரிசாக உட்கார்ந்திருந்த கவிப்ரியா எழுந்தாள். "கலங்காது சார். படம் எடுக்குறப்போ கலமே மெதுவா திரும்பி, இலக்கைப் பார்த்துக்கிட்டே போகும். பார்த்திபன் சார் எப்பவோ எழுதிட்டாரு."

கேமரா பிழைத்தது. வாரிசு கவிப்ரியாவாக இருந்தால் மட்டும் என்றார்கள்.

வெளியே டீக்கடையில் அவள் அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "கோச்சுக்காதீங்க சார். முதல் படம் வந்ததும் உங்களுக்குத்தான் போன் பண்ணுவேன்."

சார் டீயை வாயில் வைக்கவில்லை. "போன் பண்றதுக்கு முன்னாடியே நீ பார்த்துட்டிருப்பே, இல்லம்மா?"

"ஆமா சார்" என்றாள் கவிப்ரியா.