பட்டன் இல்லாத பியானோ

லிஃப்ட்டுக்காரர் முதல்முறை பியானோ வகுப்புக்குள் நுழைந்தபோது, சொல்லிக்கொடுக்கும் டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: “லிஃப்ட் நல்லாத்தானே ஓடுது சார்? யாரு கம்ப்ளெயின்ட் பண்ணாங்க?”

அவள் மேல் தப்பில்லை. ஐம்பதைத் தாண்டிய ஆள், கிரீஸ் படிந்த சட்டை, இடுப்பில் ஸ்குரூடிரைவர். அந்தக் கட்டிடத்தின் லிஃப்டைப் பழுதுபார்ப்பவரும் அவர்தான்.

“நான் கத்துக்க வந்தேம்மா. ஒரே ஒரு பாட்டு. அக்காவுக்கு.”

அக்காவின் தொண்டையில் கட்டி. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லி, தேதியும் குறித்துவிட்டார்கள். அதற்குமுன், அம்மா பாடிக்கொண்டிருந்த பாட்டை ஒருமுறை பாடிப் பதிவு செய்துவிட வேண்டும் என்பது அக்காவின் ஆசை. தம்பி கூட வாசிக்க வேண்டும் என்பதும் அவள் போட்ட நிபந்தனைதான். “தனியா பாடினா பாத்திரம் கழுவுற மாதிரி இருக்கும்டா. நீ வாசிச்சாத்தான் பாட்டு மாதிரி இருக்கும்.”

அவர் மெட்டை முனகிக் காட்டினார். டீச்சர் கண்ணை மூடிக் கேட்டாள். “மேஜர் பென்டடானிக் சார். ஏழு சுரத்துல நாலாவதையும் ஏழாவதையும் தூக்கிட்டா மிச்சம் அஞ்சு. உங்க பாட்டு அந்த அஞ்சுக்குள்ளயே சுத்துது. சுலபந்தான்.”

பியானோவின் கறுப்புக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்தால் அந்த ஐந்து சுரங்களும் தாமாகவே கிடைக்கும் என்றும் காட்டினாள். எதை அமுக்கினாலும் அபசுரம் வராது. லிஃப்ட்டுக்காரர் முகம் மலர்ந்தது. ஆனால் டீச்சர் அதோடு விடவில்லை. வெள்ளையிலிருந்து தொடங்கு, அடுத்த கறுப்பிலிருந்து தொடங்கு என்று பன்னிரண்டு இடங்களிலிருந்தும் அதே ஐந்தை வாசிக்கச் சொன்னாள். ஒவ்வொரு இடத்திலும் கறுப்பும் வெள்ளையும் வேறு வேறு விதமாகக் கலந்து வந்தன. விரல்கள் பின்னிக்கொண்டன.

வீட்டில் அவர் வாங்கி வைத்திருந்த கீபோர்டில் இடதுபக்க மேல்மூலையில் ஒரு பட்டன் இருந்தது. அதை அமுக்கினால் சுருதி ஏறும், இறங்கும். விரல் கறுப்பிலேயே இருக்கலாம். வாழ்நாளெல்லாம் பட்டனை நம்பிப் பிழைத்த மனிதர். விடுவாரா?

“படிக்கட்டு எதுக்கும்மா, லிஃப்ட் இருக்கும்போது?” என்றார் வகுப்பில்.

“கரண்ட் போனா என்ன சார் பண்ணுவீங்க?”

“போனா எனக்குத்தானே போன் பண்ணுவாங்க!”

டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அக்காவின் குரல் வாரத்துக்கு வாரம் இறங்கியது. போனை ஸ்பீக்கரில் போட்டு ஒத்திகை நடக்கும். அவள் எவ்வளவு இறங்கினாலும், கடைசியில் மூன்று படி இறங்கியபோதும், அவர் பட்டனைத் தட்டி அவளைப் பிடித்துவிடுவார். “எப்படிடா இவ்வளவு சீக்கிரம் கத்துக்கிட்டே?” என்று அவள் வியப்பாள். அவர் காரணத்தைச் சொன்னதில்லை. அந்த ஒத்திகைகளில் ஒன்றையாவது பதிவு செய்து வைப்போம் என்று இருவருக்கும் தோன்றவில்லை. அதற்குத்தான் ஒரு நாள் குறித்திருக்கிறதே.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின நாள் அது. அக்கா வீட்டுக் கூடத்தில் அத்தானின் பழைய பியானோ நின்றது. “அந்த பொம்மையை ஏன் தூக்கிட்டு வர்றே மாப்பிள்ளை? இங்கதான் நிஜப் பியானோவே இருக்கே” என்று அத்தான் சொல்லியிருந்ததால், அவர் வெறுங்கையோடு போயிருந்தார். அக்கா மகள் போனை நிமிர்த்தி வைத்தாள். அக்கா தண்ணீர் குடித்துவிட்டு முதல் அடியை எடுத்தாள். தாழ்ந்து, கரகரத்து, ஆனாலும் அம்மாவின் பாட்டாகவே இருந்தது.

லிஃப்ட்டுக்காரரின் இடது கை மேல்மூலைக்குப் போனது. அங்கே மரம்தான் இருந்தது.

மூன்று படி கீழே. கறுப்பு, வெள்ளை, வெள்ளை, கறுப்பு, வெள்ளை. டீச்சர் தலைபாடாக அடித்துக்கொண்ட வரிசைதான். விரல் வெள்ளையில் விழுந்தது, தப்பு. அடுத்ததும் தப்பு. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். மறுபடியும் தப்பு.

“உனக்கு எது வருமோ அதை வாசிடா. நான் வந்துடறேன்” என்றாள் அக்கா.

“வேணாங்க்கா, கொஞ்சம் இரு, நான் கண்டுபிடிச்சுடறேன்.”

“வாசிடான்னா.”

அவர் கறுப்புக்குப் போனார். அந்தச் சுருதிக்கு அக்கா ஏறினாள். முதல் அடி வந்தது. இரண்டாவது அடியில் மூச்செடுத்து மேலே போனபோது குரல் உடைந்தது. பிறகு வெறும் இருமல். அத்தான் முதுகைத் தடவிக் கொடுத்தார். சாயங்காலம்வரை காத்திருந்தும் அவளால் பேசக்கூட முடியவில்லை. போனில் மிஞ்சியது தப்புக் கட்டைகளும் இருமலும், இடையில் அரைப்பாட்டும்தான்.

“தனியாப் பாடியிருந்தா முழுசாவே பாடியிருப்பா” என்று அத்தான் யாரையும் பார்க்காமல் சொன்னார். லிஃப்ட்டுக்காரர் பியானோவை மூடினார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அக்கா பிழைத்தாள், குரல் போனது.

அவர் வகுப்பை விடவில்லை. வேலை செய்யாத லிஃப்டில் ஒட்டும் ‘பழுது’ ஸ்டிக்கர் ஒன்றை எடுத்துக் கீபோர்டின் பட்டன்மேல் ஒட்டினார். பன்னிரண்டு இடங்களிலிருந்தும் ஐந்து சுரங்கள், மேலே, கீழே, மெதுவாக. வகுப்பில் யாரோ ஒருநாள், “இப்ப எதுக்கு சார் இவ்வளவு பாடு?” என்று கேட்டதற்கு டீச்சர்தான் குறுக்கே புகுந்து பேச்சை மாற்றினாள்.

விரல் தடுமாறாது என்று உறுதியான பிறகே அக்கா வீட்டுக்குப் போய்ப் பியானோவைத் திறந்தார். அக்கா கழுத்தைச் சுற்றிய துணியைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கறுப்பு, வெள்ளை, வெள்ளை, கறுப்பு, வெள்ளை. அவளுடைய சுருதி. ஒரு தப்பும் இல்லை. அவள் உதடுகள் சொற்களோடு அசைந்தன.

இரண்டாவது அடி வந்தது. அக்கா மூச்செடுக்கும் இடம். அவர் விரல்கள் தாமாகவே நின்று அவளுக்காகக் காத்திருந்தன.

அக்கா அவர் கையை லேசாகத் தட்டினாள். வாசி என்று.