உள்பக்கத்துப் பேர்

நீட்டிய கையை வெயிலுமுத்து உடனே பிடித்துவிடுவதில்லை. முதலில் தன் கையை லுங்கியில் துடைத்துக்கொள்கிறார். பிறகு சுவரில் இருக்கும் ஆணியிலிருந்து ஒரு செம்புக் கம்பியை உருவி, வந்தவரின் மணிக்கட்டைச் சுற்றி வளையம் போட்டு, இடையில் தன் சுண்டுவிரல் நுழைகிறதா என்று பார்க்கிறார். நுழைந்தால் அளவு சரி. கம்பியை முறுக்கி, அடையாளத்துக்கு ஒரு கலர் நூலைக் கட்டி, திரும்ப ஆணியில் மாட்டுகிறார். அப்புறம்தான் கேள்வி. எல்லோரிடமும் ஒரே கேள்வி.

“அவங்கள நீங்க என்னன்னு கூப்பிடுவிய?”

அவங்க என்றால் இறந்துபோனவர். வந்தவர்கள் பெரும்பாலும் ஆதார் அட்டையில் இருக்கிற மாதிரி இனிஷியலோடு முழுப் பேரைச் சொல்கிறார்கள். அது வெளிப்பக்கத்துக்கு என்று தலையை ஆட்டிவிட்டு அவர் காத்திருக்கிறார். கொஞ்சம் தொண்டையைச் செருமி, கொஞ்சம் கூச்சப்பட்டு, உள்பக்கத்துக்கான பேர் மெல்ல வருகிறது. ‘எம்மா.’ ‘பெரியவனே.’ ‘ஏட்டி.’ ஆண்டாப் ஹில்லிலிருந்து வந்த ஓர் அம்மாள் புருஷனை ஒருநாள்கூடப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ‘இந்தாங்க’ என்பதோடு சரி. அப்படியே ‘இந்தாங்க’ என்று வெட்டிக் கொடுத்தார். தோலில் படுகிற பக்கத்தில் அந்தப் பேர் இருக்கும், வெளியே யாருக்கும் தெரியாது.

தாராவியில் தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, லெதர் பை தைக்கிற பட்டறையைத் தாண்டினால் வெயிலுமுத்துவின் இடம். கடை என்று சொல்லலாம், கடைதான் கோபித்துக்கொள்ளும். இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் வாசலில் நிற்க வேண்டும். ஒரு பட்டறைக்கல், தகடு வெட்டும் கத்தரி, அரங்கள், பேர் வெட்டுகிற மெஷின், ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூலில் சனிக்கிழமை மத்தியானங்களில் பெரும்பாலும் நான்தான் உட்கார்ந்திருப்பேன். வடாலாவில் இருக்கும் என் சிநேகிதி விஜயராணி அவள் அக்காவுக்காக ஒரு காப்பு செய்யப் போனபோது துணைக்குப் போனவள், அவள் வேலை முடிந்த பிறகும் போய்க்கொண்டே இருக்கிறேன். செம்பூரில் என் வீட்டில் சனிக்கிழமை மத்தியானம் யாரும் என்னைத் தேடுவதில்லை. பத்திரிகைக்கு எழுதுகிறவள் என்று தெரிந்ததும் ‘பத்திரிகைக்காரம்மா’ என்று பட்டம் கொடுத்துவிட்டார். நான் அவரை அண்ணாச்சி என்கிறேன். அந்தச் சந்தில் பாதிப்பேர் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அவர் செய்வது நினைவுக் காப்பு. கடையில் வாங்கின புதுத் தகட்டைத் தொடமாட்டார். இறந்தவர் புழங்கின பாத்திரம் வர வேண்டும். காபி குடித்த டம்ளர், சாப்பிட்ட தட்டு, தண்ணீர் மொண்ட செம்பு, எதுவானாலும். அதிலிருந்து ஒரு பட்டையை வெட்டி, ஓரத்தை மடித்து அரத்தால் ராவி, முன்னும் பின்னும் பேர் வெட்டி, கடைசியில்தான் வளைப்பார். வாய் திறந்த காப்பு, பக்கவாட்டில் செருகிக்கொள்ளலாம். மாட்டிக்கொள்ளப் போகிறவர் நேரில் வந்து கையை நீட்டினால் மட்டுமே ஆர்டர். துபாயில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்ப வேண்டும் என்று ஒருவர் அளவை வாட்ஸ்அப்பில் காட்டினார். அண்ணன் லீவுக்கு வரட்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார் மனுஷன்.

இதற்கு முன்னால் அவர் ஒரு பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து, சீர்ப் பாத்திரங்களில் மாப்பிள்ளை பெண் பேர் வெட்டிக்கொண்டிருந்தவர். கொரோனா சமயத்தில் கனகவள்ளி என்கிற பெண் புருஷனுடைய டம்ளரைக் கொண்டுவந்து, அதில் இருக்கிற பேரை அழித்துத் தரச் சொன்னாள். கடைசியாக முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, டம்ளரை எடுக்கும்போதெல்லாம் பேர்தான் கையில் தட்டுகிறது என்று அழுதாளாம். “பேர வெட்டத்தான் தெரியும், அழிக்கப் படிக்கலம்மா” என்று சொல்லி, பேர் இருந்த இடத்தை மட்டும் பட்டையாக எடுத்து அவள் கையிலேயே வளைத்துவிட்டார். அவளைப் பார்த்து இன்னொருத்தி வந்தாள். இப்போது ஆணியில் கம்பி மாட்ட இடமில்லை.

இத்தனை பேர் வந்து போகிற இடத்தில் அவருக்கென்று வருகிறவர் யாரும் கிடையாது. கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், ஒரு கட்டத்தில் கேட்கிறவர்களே அலுத்துவிட்டார்கள். அண்ணன் தளவாய் குடும்பத்தோடு சான்பாடா போய்விட்டார். இருவரும் சேர்ந்திருந்த கோலியில், அந்த ஒற்றை அறை வீட்டில், இப்போது இவர் மட்டும். காப்பு வாங்க வருகிறவர்கள் அழுகிறார்கள், இவர் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள், செல்ஃபிகூட எடுத்துக்கொள்கிறார்கள். வாங்கிக்கொண்டு போன பிறகு ஏன் வரப் போகிறார்கள்? வந்தால் இன்னொரு சாவு என்று அர்த்தம்.

ரயிலில் ஏறினால் கைப்பிடியைப் பிடித்திருக்கிற கைகளைத்தான் பார்த்துக்கொண்டு வருவார். ஒருமுறை வடாலாவில் ஏறிய ஓர் ஆளின் கையில் இவர் செய்த காப்பு. இவருக்கு இறங்க வேண்டிய இடம் குர்லா. இறங்காமல் அந்தக் கை பக்கத்திலேயே நின்றுகொண்டு வாஷி வரை போய்விட்டுத் திரும்பியிருக்கிறார். அந்த ஆள் இவரைக் கவனிக்கவே இல்லை. அடப் பாவி மனுஷா, ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

“என்னத்தப் பேச. காப்பு நல்லாத்தான் இருந்துச்சு. ஃபிட்டிங் கரெக்ட்.”

இன்னொரு வழக்கமும் உண்டு. செய்து முடித்த காப்பை அவர் தன் கையில் போட்டுப் பார்ப்பதே இல்லை. அடுத்தவர் துக்கத்தை நாம் போட்டுப் பார்க்கக் கூடாது என்பார். அதனால் எத்தனையோ காப்பு செய்த அந்தக் கை மொட்டையாகவே இருக்கிறது. என் கையிலும் ஒரு கடிகாரம் தவிர ஒன்றும் இல்லை.

பக்கத்தில் சாப்பாடு செய்து விற்கிற மர்யம் கொடுப்பதுதான் அவருக்கு மத்தியானச் சோறு. ஒரு கனத்த பித்தளைத் தூக்கு, பம்பாய்க்கு வந்த காலத்தில் ஊரிலிருந்து கொண்டுவந்தது, தினமும் இங்கிருந்து காலியாகப் போய் நிறைந்து வரும். போன மாதம் ஒரு சனிக்கிழமை மர்யமே அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டு ரப்பர் பேண்டு மாட்டியிருந்தது.

“யம்மா, நீங்களே கேளுங்க” என்று என்னிடம் நியாயம் வைத்தாள். “மூடிய எங்க தொலைச்சாருன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்காரு. சூட்டுல பிளாஸ்டிக் இளகிக் கொழம்புல எறங்குது. நாளைக்கு வவுத்தப் புடிச்சுக்கிட்டு என்னையத்தான் சொல்லுவாரு.”

வெயிலுமுத்து அரத்தை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டாள். ஊரார் தட்டையும் செம்பையும் வெட்டுகிறவருக்குத் தன் தூக்கு மூடி தொலைந்துவிட்டதாம். நான் விடுவேனா? பட்டறைக்கல்லுக்குப் பின்னால் ஒரு பித்தளைப் பட்டை சாய்த்து வைத்திருந்தது, எட்டி எடுத்தேன்.

வெளிப்பக்கத்தில் ‘வெயிலு’ என்று பெரிதாக ஆரம்பித்து, இடம் போதாமல் ‘முத்து’ ஓரத்தில் ஒடுங்கிக் கிடந்தது. தொழில் பழகின புதிதில் அவர் தன் தூக்கு மூடியில் முதன்முதலாக வெட்டின பேர் அது. அந்த மூடியிலிருந்துதான் பட்டை எடுத்திருக்கிறார். ஒருமுறை வளைத்து மறுபடியும் தட்டி நிமிர்த்தின நெளிவு தெரிந்தது. உள்பக்கத்தில் எதையோ ராவி எடுத்த பளபளப்பு.

உயிரோடு இருக்கிறவர் தனக்கே காப்பு செய்து வைத்திருக்கிறாரே, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டேன். ஒன்றும் இல்லை, ராஜா மாதிரி இருக்கிறேன் என்றார். பிறகு தூக்கைத் திறக்காமலே, விஷயத்தைச் சொன்னார்.

அவர் போன பிறகு தூக்கையும் சட்டி பானையையும் யாராவது எடைக்குப் போட்டுவிடுவார்கள், அதில் தப்பில்லை. ஆனால் இத்தனை வீட்டுக்குச் செய்து கொடுத்தவனுக்கு ஒரு கை வேண்டாமா? இதுதான் அவருடைய யோசனை. வேறு ஆசை எதுவும் இல்லை. அண்ணன் மகன் ஆதித்யன் அந்தக் கோலியில் அவர் மடியில் வளர்ந்தவன். பள்ளிக்கூடம் சேர்க்கிற வயதில் சான்பாடா போனான். இப்போது ஐரோலியில் ஒரு கம்பெனியில் வேலை. அவன் கைக்கு என்றுதான் பட்டையை வெட்டினார். உள்பக்கத்தில் ‘சித்தப்பா’ என்று வெட்டினார். யாருடைய காப்பையும் அளவெடுக்காமல் வளைக்காத மனுஷன், இதை மட்டும் நினைப்பிலேயே வளைத்தார்.

“எங்கையிக்குள்ளயே கெடந்த கைல்லா அது. அதப் போயி கம்பி வச்சா அளப்பேன்?”

தீபாவளிக்கு வந்தவனிடம் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவன் ஜிம்முக்குப் போகிறவன். காப்பு எலும்பைத் தாண்டவில்லை. வாய் சதையில் அழுந்திச் சிவப்பாகக் கோடு விழுந்தது. வலிக்கிறது என்று சொல்லாமல் இரண்டு தடவை முயற்சி செய்திருக்கிறான். அப்புறம் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்திருக்கிறான்.

“‘இதுல என்ன எழுதியிருக்கு, சித்தப்பா?’ன்னு கேட்டான்” என்றார் வெயிலுமுத்து. சொல்லிவிட்டுச் சிரித்தார். “தமிழு படிக்கத் தெரியாதுல்லா. அவன் என்ன செய்வான்.”

எனக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. அந்தப் பையனை நாலு வார்த்தை திட்டினேன். அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. நல்ல பிள்ளை, சாவுப் பேச்செல்லாம் எதுக்கு என்று அவன் கண் கலங்கிவிட்டதாம், போகும்போது ஒரு புது ஃபோனை வைத்துவிட்டுப் போயிருக்கிறானாம். பிழை தன்னுடையதுதானாம். வளர்ந்த கையைப் பார்க்காமல் வளைத்தது தொழில் தெரிந்தவன் செய்கிற காரியமா என்று தன்னையே ஏசிக்கொண்டார்.

சரி, பெரிதாக விரித்துக் கொடுத்திருக்கலாமே என்றேன். பட்டை ஏற்கெனவே ஒருமுறை வளைந்து நிமிர்ந்துவிட்டது, இன்னும் ஒரு வளைவுதான் தாங்கும், அதற்கு மேல் பிளந்துவிடும் என்றார். நெருப்பில் காட்டினால் இளகும், ஆனால் கறுத்துப்போகும். கறுப்பு போக மெருகு போட்டால் எழுத்து தேய்ந்துவிடும். தன் கையால் வெட்டின முதல் பேரைத் தேய்க்க அவருக்கு மனசில்லை. வாசிக்கத் தெரியாத கையில் அந்த ஒரு வளைவையும் செலவழிக்க மனசில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். அதை அவர் சொல்லவில்லை. ‘சித்தப்பா’வை மட்டும் ராவி எடுத்துவிட்டார்.

“மர்யம் இருக்காளே, அண்ணாச்சி? தினம் சோறு போடுறவ.”

“அவ கையில ஏற்கெனவே ரெண்டு கெடக்கு. புருசன் ஒண்ணு, மவன் ஒண்ணு. மூணாவதையும் ஏத்துனா அவ எப்படிம்மா சோறு கிண்டுவா?”

நான் தூக்கைத் திறந்து வைத்தேன். பிளாஸ்டிக் தாள் உண்மையிலேயே ஒரு பக்கம் இளகித்தான் இருந்தது. இரண்டு வாய் சாப்பிட்டார். பாக்கியைத் தள்ளி வைத்துவிட்டுக் கையைக் கழுவினார். வெளியே லெதர் பட்டறையில் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. யாரோ ஹிந்தியில் யாரையோ வண்டியை எடுக்கச் சொல்லிக் கத்தினார்கள். நான் கிளம்பலாமா என்று பார்த்தேன். அவரை அப்படியே விட்டுவிட்டுப் போகக் கால் வரவில்லை.

என்னை அறியாமல் கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். அவர் பட்டையை எடுத்து மடியில் வைத்து, ராவின பக்கத்தைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவினார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“என்னைய நீங்க என்னன்னு கூப்பிடுவிய?”

தெரியாதா அவருக்கு? போன நிமிஷம்கூட அதைச் சொல்லித்தான் கூப்பிட்டேன். எல்லோரும் ஏன் அந்தக் கேள்விக்குத் தொண்டையைச் செருமுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

“அண்ணாச்சி” என்றேன்.

சரி என்பதுபோல் தலையை ஆட்டினார். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். ஒரு கம்பியை உருவி என் மணிக்கட்டைச் சுற்றி வளையம் போட்டு, சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். நுழைந்தது. ஆனால் முறுக்கவில்லை. சுண்டுவிரலை எடுத்துவிட்டு, வளையத்தைத் தளர்த்திக் கட்டைவிரலை விட்டுப் பார்த்தார்.

“கொஞ்சம் தாராளமாவே வைக்கேன்” என்றார். “நீங்க என்ன நாளைக்கேவா போடப்போறிய.”

கம்பியை முறுக்கி, சிவப்பு நூல் கட்டினார். ஆணியில் இருந்த கம்பிகளையெல்லாம் மொத்தமாகக் கழற்றி, என்னுடையதை முதலில் சுவரோரமாகத் தள்ளி மாட்டிவிட்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாக அதற்கு முன்னால் மாட்டினார்.