சத்தம் போடாத மெஷின்

எங்கள் ஊரான கணபதியில், எங்கள் வீதியில் முதன்முதலாக ஜெனரேட்டர் வாங்கியது நாங்கள்தான். எனக்கு அதில் தாங்க முடியாத பெருமை. எதற்காக வாங்கினோம் என்பதை மட்டும் யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தார். நான்காம் வகுப்புப் படிக்கிற பிள்ளையிடம் ஒரு பெருமையையும் கொடுத்து, அதைப் பேசவும் கூடாது என்றால் அது என்ன நியாயம் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.

விஷயம் அத்தையின் காது. அப்பாவின் ஒரே தங்கை அவர். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காது பழுதில்லை. சத்தமில்லாத இடத்தில் வலப்பக்கமாக நின்று சாதாரணமாகப் பேசினால் ஒரு வார்த்தை தவறாது. நான் எப்போதும் அவருக்கு வலப்பக்கம்தான் படுத்துக்கொள்வேன். வீட்டில் நான்கு பேருக்கும் மாமாவுக்கும் தெரிந்த இந்தச் சங்கதி கல்யாணத் தரகருக்குத் தெரியாது. தெரியாமலே கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்பது அப்பாவின் திட்டம்.

முதலில் பெண் பார்க்க வந்தவர்கள் இருந்தபோது கரண்டு போய்விட்டது. அந்த வருஷங்களில் கரண்டு போகாத நாள் ஏது? அப்பாவுக்குச் சொந்தமாக, வீட்டுக்குப் பின்தெருவில், லேத் பட்டறை இருந்தது. பக்கத்துப் பட்டறைக்காரரின் டீசல் இஞ்சினை அவசரத்துக்கு ஓட்டச் சொல்லி வயர் இழுத்தார்கள். விளக்கு எரிந்தது, ஆனால் சுவரே அதிர்ந்தது. மாப்பிள்ளையின் அம்மா என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டதற்கு அத்தை சிரித்துக்கொண்டே தலையாட்டினார். சமையல் தெரியுமா என்றதற்கும் அதே தலையாட்டல்தான். எத்தனை வயது என்றதற்கும் தலையாட்டினார். பெண் கொஞ்சம் மந்தமாக இருப்பதாகத் தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்கள் வீட்டிலேயே கெட்டிக்காரி அத்தைதான். தபால் வழியில் பி.ஏ. படித்தவர், பட்டறைக் கணக்கு முழுக்க அவர் கையில் இருந்தது. அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், சத்தமே வராத ஜெனரேட்டர் ஒன்று வேண்டும் என்று பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து மாமாவை வரவழைத்தார்.

மாமா அம்மாவின் தம்பி, பம்ப்செட் மோட்டார் ரிப்பேரில் பேர் வாங்கியவர். எந்த மெஷினைப் பார்த்தாலும் திருப்புளியின் முனையை அதன் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பார். பேரிங் தேய்ந்திருப்பது அதில் தெரிந்துவிடுமாம். ஒரு சனிக்கிழமை மாமா, அப்பா, நான் மூவரும் கிளம்பினோம். என்னை எதற்குக் கூட்டிப் போகிறார்கள் என்று தெரியவில்லை. பரோட்டா வாங்கித் தருவார்கள் என்று போனேன்.

டவுனில் முதல் கடைக்குப் போனதும் தெரிந்துவிட்டது. ஜெனரேட்டரை ஓடவிட்டு, என்னைப் பத்தடி தள்ளி நிற்க வைத்து, பதினாறாம் வாய்ப்பாட்டை மெதுவாகச் சொல்லச் சொன்னார் அப்பா. சொல்லிவிட்டுத் தன் இடது காதில் ஆள்காட்டி விரலை விட்டு அடைத்துக்கொண்டார்.

கடைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஏனுங்க, காது வலிங்களா?” என்றார்.

“ஆமாங்க, லேசா,” என்றார் அப்பா.

பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுகிற மெஷின் அது. வீட்டுக்கு வெளியே வைத்தாலும் வீட்டுக்குள் பேச முடியாது. நான் எல்லாவற்றையும் தப்பாகச் சொன்னேன், அப்பா தலையாட்டிக்கொண்டே நின்றார். இரண்டாவது கடையிலும் அப்படித்தான். அங்கே வாய்ப்பாட்டை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடப் பாட்டையே பாடினேன், அதற்கும் தலையாட்டினார். பெரிதாக ஒன்று எடுத்தால் கிணற்று மோட்டாருக்கும் ஆகுமே என்று மாமா இழுத்தார். மோட்டாரா முக்கியம் என்று அப்பா அவரைப் பார்த்த பார்வையில் மாமா அடங்கிவிட்டார்.

கடைசியில் மேட்டுப்பாளையத்துக்குப் பஸ் ஏறினோம். அங்கே பழைய மெஷின்கள் விற்கிற ஒருவரிடம் வெளிநாட்டு ஜெனரேட்டர் ஒன்று இருப்பதாக மாமாவுக்குத் தகவல். யாரோ ஒரு மில் முதலாளி, கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வைத்து ஒரு வேனைக் கட்டி ஊட்டிக்குப் போய்வந்துகொண்டிருந்தாராம். படுத்துத் தூங்குகிற வண்டிக்குள் விளக்கெரிய வைக்க வாங்கிய மெஷின் அது. நான்கு பக்கமும் மூடி, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்து, பெரிய டிரங்குப் பெட்டி போல இருந்தது. விற்பவர் கயிற்றை ஒரே இழுப்பு இழுத்தார். முறத்தில் அரிசி புடைக்கிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

“ரெண்டு ஃபேன், நாலு டியூப் லைட்டுங்க. அதுக்கு மேல போட்டீங்கன்னா படுத்துக்கும்,” என்றார் அவர்.

மாமா திருப்புளியை வைத்துக் கேட்டுவிட்டுத் தலையசைத்தார். அப்பா காதை அடைத்துக்கொண்டார். நான் பழகிய தைரியத்தில் பதினாறேழு நூற்றுப் பதினாலு என்றேன்.

“நூத்திப் பன்னெண்டு, கழுதை,” என்றார் அப்பா.

அப்படித்தான் அந்த மெஷின் எங்கள் வீட்டுக்கு வந்தது. எனக்குப் பரோட்டாவும் கிடைத்தது.

வீட்டில் அதற்கு நடந்த உபசாரத்தைச் சொல்லி முடியாது. பின்பக்கம் மதில் ஓரமாக, வீட்டிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, ஒரு சிமெண்டு மேடை போட்டார்கள். நீளமான வயர் வாங்கி ஹால் ஜன்னல் வழியாக உள்ளே விட்டார்கள். அத்தை எங்கே உட்காருவது, வருகிறவர்களின் நாற்காலியை எங்கே போடுவது என்று அப்பா சாக்பீஸால் தரையில் குறியே போட்டுவிட்டார். அத்தை கதவில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

“கல்யாணம் ஆனதுக்கப்புறம் அவங்க ஊட்டுலயும் கரண்டு போகுமுங்களே அண்ணா. மெஷினையும் எங்கூட அனுப்பீருவீங்களா?”

“அப்புறம் நடக்கறத அப்புறம் பாத்துக்கலாம். நீ சும்மா இரு அம்மணி,” என்றார் அப்பா.

அத்தை சும்மா இருந்தார். அவர் சும்மா இருப்பதைப் பார்த்து நாங்கள் எல்லோரும் நிம்மதியாக இருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அடுத்த மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அப்பா பஜ்ஜிக்கு வாழைக்காய் வாங்கப் போயிருந்தார். அம்மா அடுப்படியில் இருந்தார். பின்பக்கம் முழுக்க வருஷத்துச் சாம்பார்ப் பொடிக்காகச் சாக்கு விரித்து மிளகாய் காயப் போட்டிருந்தோம். மூன்று மணி இருக்கும். அத்தை என்னைக் கூப்பிட்டார்.

“மழை வராப்பல இருக்குது கண்ணு. மெஷின் நனைஞ்சுபோகும். ஒரு கை புடி, ஜன்னலுக்கு மேல சன்ஷேடு இருக்குதில்ல, அதுக்கடியில வெச்சுப்போடலாம்.”

மெஷின் கனமான கனம். அத்தை ஒரு கைப்பிடி, நான் ஒரு கைப்பிடி. நான் இரண்டு கையாலும் பிடித்தேன். மிளகாயை மிதித்துவிடாமல் சாக்குகளுக்கு இடையில் கால் வைத்து, நான்கு இடத்தில் இறக்கி ஏற்றி, ஹால் ஜன்னலுக்கு நேர் கீழே கொண்டுவந்து வைத்தோம். வயரை அத்தையே சுற்றி ஓரமாகப் போட்டார். என் உள்ளங்கை சிவந்துவிட்டது. அத்தை அதை ஊதிவிட்டு, நீதான் இந்த வீட்டிலேயே பலசாலி என்றார்.

அவர்கள் வந்தார்கள். அத்தை காபி கொடுத்துவிட்டு, குறி போட்ட இடத்தில் உட்கார்ந்தார். ஐந்தரைக்குக் கரண்டு போனது. மெஷினைக் கிளப்புவதற்கென்றே வந்திருந்த மாமாவை அப்பா பார்த்தார், மாமா பின்பக்கம் ஓடினார். மேடையில் மெஷினைக் காணாமல் தேடி, ஜன்னலடியில் பார்த்து, அப்பாதான் மாற்றி வைத்திருப்பார் என்று நினைத்துக் கயிற்றை இழுத்துவிட்டார். விளக்கு எரிந்தது. எங்கள் அருமை மெஷின் எங்கள் காதுக்குப் பக்கத்திலேயே ஓடியது. எவ்வளவு நல்ல மெஷினானாலும் இரண்டடி தூரத்தில் அது ஒரு இஞ்சின்தானே.

மாப்பிள்ளையின் அம்மா சன்னக் குரல்காரர். அத்தையைப் பார்த்து ஏதோ கேட்டார். நான் அத்தை தலையாட்டப் போகிறார் என்று நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருப்பார், அவர் தலை தானாகவே மெல்ல ஆட ஆரம்பித்துவிட்டது.

அத்தை தலையாட்டவில்லை. “நீங்க கேட்டது எனக்குக் கேக்கலீங்க,” என்றார். “இடது காது எனக்குச் சின்னதுலயே போயிருச்சுங்க. சத்தம் இருந்தா வலது காதுலயும் சரியா விழாது. பக்கத்துல வந்து கேளுங்க, சொல்றேன்.”

அப்பா மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தார். தரகர் பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டார். அந்த அம்மா எழுந்துவந்து, அத்தையின் வலப்பக்கம் உட்கார்ந்து, என்ன படித்திருக்கிறாய் என்று மறுபடியும் கேட்டார். அத்தை சொன்னார். இன்னும் நான்கைந்து கேட்டார், எல்லாவற்றுக்கும் அத்தை சொன்னார். அன்றைக்கு அவர் பேசிய மாதிரி நன்றாகப் பேசி நான் கேட்டதில்லை. கலந்து பேசிவிட்டுச் சொல்வதாகக் கும்பிட்டுப் போனவர்கள் கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை.

மெஷினை யார் மாற்றியது என்று அப்பா கேட்டார். சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

“மழை வராப்பல இருந்துச்சுங்கண்ணா,” என்றார் அத்தை.

நானும்தான் தூக்கினேன் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. அத்தையின் கல்யாணத்தைக் கெடுத்த கை என்று என் கைகளை நானே பலநாள் பார்த்துக்கொண்டிருந்தேன். பாவம், அத்தை நல்லதென்று நினைத்துச் செய்தது இப்படி முடிந்துவிட்டதே என்று அவருக்காக அழுதும் இருக்கிறேன்.

ஊருக்கே தெரிந்துவிட்ட பிறகு மறைக்க என்ன இருக்கிறது? அதற்குப் பிறகு வந்த இடங்களுக்கு அப்பாவே தரகரிடம் முதலில் காது விஷயத்தைச் சொல்லித்தான் அனுப்பினார். இரண்டு பேர் வராமலே நின்றுவிட்டார்கள். மூன்றாவதாக வந்தவர் மேட்டுப்பாளையத்தில் பாக்கு வியாபாரம் செய்பவர், தெரிந்தே வந்தார். கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் பூகம்பம் போல ஓடியது. மாப்பிள்ளை ஏதோ சொல்ல, அத்தை திரும்பி வலது காதைக் கொடுத்ததைப் பார்த்தேன். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன், புகை என்றார்.

நான் வளர்ந்து, என் வீட்டில் மிளகாய் காயப் போட ஆரம்பித்த பிறகு ஒருநாள்தான் எனக்கு அது உறைத்தது. மழை வரும் என்று மெஷினைத் தூக்கிய அத்தை, மிளகாயை எடுக்கவில்லை. சாக்குகள் அத்தனையும் சாயங்காலம்வரை அப்படியே வெயிலில் கிடந்தன. அவற்றை மிதிக்காமல் நடப்பதில்தான் அன்றைக்கு என் கவனம் முழுக்க இருந்தது.