கோபக்காரர் இழுப்பறை

நாற்பதை நெருங்கும் வயதில் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாலை வகுப்புக்குக் கிளம்பியவளுக்குக் கடையில் இன்ஜினியரம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். தான் படிப்பது இன்ஜினியரிங் இல்லை, பயன்பாட்டுத் தகவல் தொழில்நுட்பம் என்று ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தாள். "அதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள டீ ஆறிப்போயிடும்மா" என்று முதலாளி சொன்னபிறகு விட்டுவிட்டாள்.

கடை என்றால் மூக்குக்கண்ணாடிக் கடை. முன்னால் முதலாளி கண்ணைச் சோதித்து, பிரேம் எடுத்துக் காட்டி, ஆர்டர் பிடிப்பார். பின்னறையில் இவள் லென்ஸைப் பிரேமின் அளவுக்குத் தேய்த்து, பொருத்தி, துடைத்து, டப்பாவில் போட்டு முன்னால் அனுப்புவாள். பல வருஷப் பழக்கம், கை தன் பாட்டுக்குச் செய்யும், மனசு சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருந்த மனசுதான் வம்பை விலைக்கு வாங்கியது. லென்ஸ் தேய்க்கத் திரை வைத்த புதிய இயந்திரம் வந்தபோது, மாட்ட வந்தவன் பட்டன்களை மட்டும் காட்டிவிட்டுக் கிளம்பினான். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டாள். அது உங்களுக்கு எதுக்குக்கா என்றான். அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. அடுத்த வாரமே கல்லூரி அலுவலக வாசலில் நின்றாள்.

வகுப்பில் எல்லோரும் அவள் மகன், மகள் வயது. அவர்களும் அக்கா என்றார்கள். ஆரம்பத்தில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நெட்வொர்க் கேபிளின் நுனியை உரித்து, மயிரிழை போன்ற கம்பிகளை வரிசை மாறாமல் பிளாஸ்டிக் முனையில் செருகும் பாடம் வந்த அன்றுதான் அவள் கொடி பறந்தது. சிறிய திருகாணிகளோடு குடும்பம் நடத்திய விரல்கள் அல்லவா! மற்றவர்கள் முதல் கம்பியோடு மல்லுக்கட்டும்போது இவள் முடித்துவிட்டுச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தரவுத்தளம் வந்தது. எங்கெங்கோ சிதறிக் கிடந்த விவரங்களில் தனக்கு வேண்டியதை மட்டும் ஒரே வரியில் கேட்டாள். கேட்டது மட்டும் வரிசையாக வந்து நின்றபோது நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். பக்கத்திலிருந்த பெண் என்னக்கா ஆச்சு என்று பயந்தாள். சந்தோஷம், வேறொன்றும் ஆகவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் மூச்சு விடாமல் சொன்னாள். அவர் குழாய் வேலை பார்ப்பவர். நெட்வொர்க் என்றால் குழாய், தரவு என்றால் தண்ணீர், எங்கே அடைத்தது என்று பார்க்கத் தெரிந்தால் போதும் என்று தன் தொழிலுக்குள்ளேயே எல்லாவற்றையும் அடக்கிவிட்டார். பாதிக்கு மேல் அது சரியாகவும் இருந்தது. அதற்குப் பிறகு அவளுக்குக் கண்ணில் பட்டதெல்லாம் அட்டவணைதான். காய்கறிக் கடையில் நின்றால் கூடைக்கு ஒரு பத்தி, பேருந்து நிறுத்தத்தில் நின்றால் ஆளுக்கு ஒரு வரி.

ஆனால் கடைசித் தேர்வு அவளை ஏற்கெனவே ஒரு முறை கவிழ்த்திருந்தது. அது எழுதுகிற தேர்வு இல்லை. ஒரு வேலையிடத்துக்கு மென்பொருள் செய்து கொடுக்க வேண்டும். தேர்வாளர் நேரில் வருவார். அங்கே வேலை செய்பவர்களே அதை வைத்துத் தங்கள் வேலையைச் செய்து காட்ட வேண்டும். செய்து கொடுத்த மாணவர் பக்கத்தில் உட்காரலாம். கையும் வைக்கக் கூடாது, வாயும் திறக்கக் கூடாது. போன வருஷம் ஒரு மருந்துக் கடைக்குச் செய்துகொடுத்தாள். மேலாளர் தங்கமான மனிதர், எதைக் காட்டினாலும் பிரமாதம், ரொம்ப நல்லா இருக்கு என்பார். ஒரு குறை சொன்னதில்லை. தேர்வன்று திரை முன்னால் உட்கார்ந்து திருதிருவென்று விழித்தார். அவர் ஒரு நாள்கூட அதைத் திறந்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பொறுக்கமாட்டாமல் இவள் கை நீண்டு மவுஸைப் பிடித்தது. அத்தோடு தேர்வு போயிற்று. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள். அதுவும் போனால் பட்டம் கிடையாது.

எனவே இந்த முறை சொந்தக் கடை. அங்கே இன்னொரு சங்கடம். முதலாளி ஆளின் முகத்தைப் பார்த்தே கண் பவரைச் சொல்லிவிடுவார், அப்படி ஒரு ஞாபகம். தயாரான கண்ணாடிகளை அவர் பெயர் வாரியாகவோ தேதி வாரியாகவோ வைப்பதில்லை, குணம் வாரியாக வைப்பார். மேல் இழுப்பறை கோபக்காரர்களுக்கு, வந்தவுடன் கைக்கு எட்ட வேண்டும். அடுத்தது பேச்சுக்காரர்களுக்கு, கடை ஓய்ந்த நேரத்தில் வரச் சொல்லலாம். அடி இழுப்பறை நாளைக்காரர்களுக்கு, நாளைக்கு வருகிறேன் என்று போனவர்கள் எப்போது வருவார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஓரத்தில் ஒரு குட்டி இழுப்பறை நல்லவர்களுக்கு. அது பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும்.

அவள் முதலில் இழுப்பறைகளுக்கு எண் போட்டாள். முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு நாள் யோசித்துவிட்டு, அவர் வைத்த பெயர்களையே திரையில் போட்டாள். கண்ணாடி தயாரானதும் வாடிக்கையாளரின் போனுக்குச் செய்தி போவதற்கும் வழி செய்தாள். திரையில் 'கோபக்காரர்' என்று பார்த்ததும் முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். தேர்வு நாளில் தானே உட்காருவதாக ஒப்புக்கொண்டார். தினமும் கொஞ்சம் பழகவும் செய்தார், ஒற்றை விரலால், முறைத்துக்கொண்டே.

தேர்வுக்கு முந்தின மாலை செய்தி அனுப்பும் பகுதியை மட்டும் சோதிக்க வேண்டியிருந்தது. சோதனைச் செய்தி தன் எண்ணுக்கு மட்டும் போகும்படி மென்பொருளுக்குள் ஒரு வரி எழுதி வைத்திருந்தாள். யார் யாருக்குச் செய்தி போகும் என்ற பட்டியல் சரியாக வருகிறதா என்று பார்க்க அந்த வரியை எடுத்தாள். எல்லா விவரமும் சரியாக ஏறுகிறதா என்று பார்க்க, இழுப்பறையின் பெயரையும் செய்திக்குள் சேர்த்தாள். பட்டியல் அச்சுக் கோத்ததுபோல் வந்தது. அந்தக் குஷியில் எடுத்த வரியைத் திருப்பிப் போட மறந்துபோனாள். அனுப்பு பட்டனை அழுத்தினாள். அவள் போன் அடிக்கவில்லை. இன்னொரு தடவை அழுத்தினாள். அப்போதும் அடிக்கவில்லை. லைன் மோசம் போலிருக்கிறது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பாட்டு முணுமுணுத்தபடி வீட்டுக்குப் போனாள்.

காலையில் கணவர் சாப்பிட்டுக்கொண்டே போனைக் கையில் எடுத்தார். அவருடைய படிப்புக் கண்ணாடியும் தயாராகிக் கடையில் கிடக்கிறது. போனைத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"உங்கள் கண்ணாடி தயார். இடம், நாளைக்காரர். ஏம்மா, நான் நாளைக்காரனா? அதையும் ரெண்டு தடவை அனுப்பணுமா?"

அவளுக்கு அப்போதுதான் அந்த வரி ஞாபகம் வந்தது. இழுப்பறைகளில் கிடந்த கண்ணாடிகளுக்குச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அவரவர் குணம் அச்சடித்துப் போயிருக்கிறது, ஒருமுறைக்கு இருமுறையாக. புத்தகப் பையைத் தோளில் போட்டு, கணவரின் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். சாப்பிட்டுட்டுப் போ என்று அவர் சொன்னது தெருமுனை வரைக்கும் கேட்டது.

கடை வாசலில் அதற்குள் ஒரு கூட்டம். அடைத்த ஷட்டருக்கு முன்னால் முதலாளி சாவிக்கொத்தோடு ஒன்றும் விளங்காமல் நின்றுகொண்டிருந்தார். அவரை ஓரமாக இழுத்துப் போய்ப் போனைக் காட்டினாள். நடந்ததைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். அவர் செய்தியைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும் சார்."

"கோபக்காரங்களுக்குமா?"

"அவங்களுக்கும்தான் சார்."

முதலாளி கூட்டத்தைப் பார்த்தார். தெருக்கோடியில் கையில் கோப்போடு ஒரு அம்மாள் வருவதையும் பார்த்தார். தேர்வாளர்தான். முதலாளியும் முறைத்துக்கொண்டு போய்விட்டால் எல்லாம் முடிந்தது என்று அவள் நினைத்தாள். முதலாளி சாவியை அவள் கையில் கொடுத்து ஷட்டரைத் தூக்கச் சொன்னார்.

தேர்வாளர் ஒரு ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எவ்வளவு கூட்டம் வந்தாலும் விதி விதிதான் என்றார். இவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். போன வருஷத்துக் கைகளை அவள் நம்பத் தயாராக இல்லை.

முதல் ஆள் போனை ஆட்டிக்கொண்டே வந்தார். தான் கோபக்காரனா, எவன் சொன்னது, அவன் வெளியே வரட்டும் என்று அவர் போட்ட சத்தத்தில் கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. பின்னால் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். தன் குரல் தன் காதிலேயே விழுந்ததோ என்னவோ, மனிதர் சட்டென்று அடங்கி, கண்ணாடியக் குடுங்க போறேன் என்றார். முதலாளிக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. அந்தக் கூச்சத்தில் அவருடைய பேர்போன ஞாபகம் காலை வாரிவிட்டது. மேல் இழுப்பறைக்குப் போன கை வெறுமனே திரும்பி வந்தது. இத்தனை வருஷமாக முகம் பார்த்துப் பவர் சொன்னவருக்கு எதிரே நிற்பவரின் பெயர் நாக்கில் வரவில்லை.

முதலாளி மெதுவாகத் திரைப் பக்கம் திரும்பினார். வந்தவரிடம் பெயரைக் கேட்டு, ஒற்றை விரலால் தட்டினார். திரையில் விவரம் வந்தது. மேல் இழுப்பறை, பின்வரிசை, கறுப்பு டப்பா. எடுத்தார், கொடுத்தார். அடுத்த ஆளுக்கும் அப்படியே. மூன்றாவது ஆளுக்கு விரலில் கொஞ்சம் வேகம் வந்தது. பேச்சுக்காரர் இழுப்பறையில் இருந்த ஒரு அம்மாள், தான் பேச்சுக்காரிதான் என்றும், தன் அக்காவைப் பார்த்தால் என்ன சொல்வீர்கள் என்றும் ஆரம்பித்தார். முதலாளி சிரித்தபடி டப்பாவைக் கையில் வைத்து, அடுத்து என்றார். நல்லவர் என்று செய்தி வந்த ஒருவர் மட்டும் போனை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தார்.

பாதியில் முதலாளியின் விரல் நின்றது. ஒரே பெயரில் இரண்டு பேர்.

"ஏம்மா, இது ரெண்டு பேரைக் காட்டுதே?"

அவளுக்கு நாக்கு நுனி வரைக்கும் பதில் வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். போன் எண்ணைப் பாருங்கள், பக்கத்திலேயே இருக்கிறது, பாருங்கள் என்று மனசுக்குள் கத்தினாள். அடியில் கிடந்த கைகள் மரத்துப்போயிருந்தன. தேர்வாளர் பேனாவை நிறுத்திவிட்டு இவளைப் பார்த்தார். முதலாளி திரையைக் கிட்டத்தில் போய் முறைத்தார். பிறகு எதிரே நின்றவரிடம் போன் நம்பரோட கடைசி ரெண்டு எழுத்து சொல்லுங்க என்றார். எண்ணை எழுத்து என்றார், போகட்டும். கண்ணாடி சரியான ஆளுக்குப் போய்ச் சேர்ந்தது. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. துடைக்கவும் கையை எடுக்கவில்லை.

வரிசையின் கடைசியில் கணவர் நின்றார். தன் போனையும் கண்ணாடியையும் வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாளைக்காரன் இன்னிக்கே வந்துட்டான்னு கம்ப்யூட்டர்ல மாத்திக்குங்க என்று முதலாளியிடம் சொன்னார். அடி இழுப்பறை எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு காலியாகிக் கிடந்தது.

கடை ஓய்ந்ததும் தேர்வாளர் முதலாளியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நாளைக்கும் இதைப் பயன்படுத்துவீர்களா?

முதலாளி பொரிந்து தள்ளிவிட்டார். கண்ணாடிக் கடையில எழுத்தை இவ்வளவு சின்னதாவா வைப்பாங்க? டிராயர் பேரு எனக்கு மட்டும்தான் தெரியணும், ஊருக்குத் தெரியக் கூடாது. ஒரே பேருல ரெண்டு பேர் வந்தா போட்டோ காட்டணும். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எவனுக்கும் செய்தி போகக் கூடாது. நாளைக்குக் காலையில கடை திறக்கறதுக்குள்ள இதெல்லாம் மாறியிருக்கணும், இல்லேன்னா எனக்கு வேலை ஓடாது.

கேட்கக் கேட்க அவளுக்கு உள்ளுக்குள் எல்லாம் சரிந்துகொண்டே போனது. அத்தனையும் குறை. மனிதர் ஒரு நல்ல வார்த்தை சொல்லக் கூடாதா? அப்போது மருந்துக் கடை மேலாளரின் முகம் நினைவுக்கு வந்தது. பிரமாதம், ரொம்ப நல்லா இருக்கு. குறையே சொல்லாத அவர் அதைத் திறந்ததே இல்லை. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

தேர்வாளர் தன் தாளில் 'தேர்ச்சி' என்று எழுதி, அவள் பார்க்கும்படி திருப்பி வைத்தார்.

"சார் கேட்டதை எல்லாம் செஞ்சு குடுங்க. இப்ப கை வைக்கலாம்."

கைகளை வெளியே எடுத்தாள். ரத்தம் ஓடி விரல்கள் குறுகுறுத்தன. விசைப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்து முதல் காரியமாக, எடுத்துவிட்ட அந்த வரியைத் திருப்பிப் போட்டாள். அனுப்பு பட்டன்மேல் விரலை வைத்தபோது முதலாளி, கணவர், தேர்வாளர் மூவரும் ஆளுக்கொரு போனைக் கையில் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள். அழுத்தினாள். புத்தகப் பைக்குள் அவளுடைய போன் மட்டும் அடித்தது.