என்ஜினில் அள்ளிப் போட்ட கரிசல்

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசில் சூப்பர்வைசராக இருந்தவன் நான். பத்தடிக்கு ஒரு சிவப்பு வாளி, அது நிறைய மணல். புகையைப் பார்த்தால் யோசிக்காதே, வாளியைக் கவிழ் என்று வருடக்கணக்கில் மற்றவர்களுக்குக் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தவனும் நானே. அந்தப் பாடத்தை ஒரு வெளிநாட்டுக் காரின்மேல் நடத்திக்காட்டிய பெருமையும் என்னையே சேரும்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் முதலாளி கோயம்புத்தூரில் யாரிடமிருந்தோ பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிவந்தார். இரண்டே கதவு, தரையோடு தவழும் உயரம். மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் மிதிப்பதற்கு எங்கள் ஊரில் ரோடு கிடையாது. வேகத்தடையைக் கண்டால் உள்ளே இருப்பவர் இறங்கி, வண்டியின் வயிறு உரசாமல் கடக்கிறதா என்று குனிந்து பார்க்கவேண்டும். பெரும்பாலும் அந்தக் குனிகிற ஆள் நான்தான்.

அதே சமயத்தில் என் மனைவிக்கு அறிவியல் ஆசிரியை வேலைக்கு அழைப்பு வந்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு ஆறு வருடம் காத்திருந்தவள். தூத்துக்குடியில் காலை பதினோரு மணிக்குக் கலந்தாய்வு. பெயரைக் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அடுத்த பெயர். எல்லோரும் எடுத்ததுபோக மிஞ்சுகிற இடம்தான் கடைசியில் கிடைக்கும், அதுவும் மிஞ்சினால்.

“நாங்க பஸ்ல போயிட்டு வந்திருதோம் முதலாளி” என்று லீவு கேட்டேன்.

“ஏலே, டீச்சரம்மாவ பஸ்லயா கூட்டிட்டுப் போறே? நம்ம வண்டிய எடுத்துட்டுப் போ. ஒரு மணி நேரத்துல தூத்துக்குடி!” என்று சாவியைத் தூக்கிப் போட்டார்.

மறுக்கிற புத்தி எனக்கு இல்லை. பதினைந்து நாளாக வண்டிக்கு அடியில் இளஞ்சிவப்பாக ஏதோ சொட்டிக்கொண்டிருந்ததும் எனக்குத் தெரியும். யாரோ ரோஸ்மில்க் கொட்டிவிட்டார்கள் என்று முடிவுகட்டியிருந்தேன். என்ஜின் சூட்டைத் தணிக்கிற ரேடியேட்டரின் கூலண்டு டப்பாவில் அளவு குறையும்போதெல்லாம் போர் தண்ணீரை ஊற்றினேன். குழாய் மூட்டில் வெள்ளையாக உப்புப் பூத்தது. காக்காய் எச்சம் என்று துடைத்துவிட்டேன். அவ்வளவு கெட்டிக்காரன்.

கலந்தாய்வு அன்று காலை, எட்டயபுரம் தாண்டியது. இரண்டு பக்கமும் பருத்திக்காடு, கார்த்திகை மாதத்து ஈரத்தில் கரிசல் கன்னங்கரேலென்று கிடந்தது. ஆளில்லாத ரோடு கண்டதும் எனக்குக் கால் அரித்தது. மிதித்தேன். சூட்டைக் காட்டுகிற முள் சிவப்புக்குப் போயிருந்ததை நான் வேகத்தின் முள் என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தபோது, முன்னால் டப்பென்று ஒரு சத்தம். பானட்டின் இடுக்கிலிருந்து வெள்ளையாகக் குபுகுபுவென்று கிளம்பியது.

“தீ! தீ! இறங்குட்டி!”

அவளை இழுத்து ஓரமாக நிறுத்தினேன். பானட்டைத் திறந்தேன். வாளி இல்லை. அதனால் என்ன, மண் இருக்கிறதே. ரோட்டோரத்தில் இரண்டு கையாலும் கட்டிகட்டியாகப் பெயர்த்து என்ஜினுக்குள் எறிந்தேன். முந்தினநாள் மழை பெய்த கரிசல், பிசின் மாதிரி ஒட்டியது. ஏழெட்டு அள்ளு போட்டபிறகுதான் பின்னால் இருந்து அவள் குரல் காதில் விழுந்தது.

“ஏங்க, அது தீ இல்லங்க. ஆவி. இட்லிச்சட்டிய திறந்தா வாரதுல்லா, அதுதான்.”

“ஆவியா?”

“ஆவிதான். ஆறட்டும்னு விட்டிருந்தா ஆறியிருக்கும். இப்ப வேகுது.”

மணி எட்டே முக்கால். நடுக்காட்டில் கைகாட்டினால் நிற்கிற டவுன் பஸ் பத்தரைக்குத்தான். வேகமாகப் போகிற பஸ் இரண்டு எங்களைப் பார்த்து ஹாரன் அடித்துவிட்டுப் போயின. அவள் சான்றிதழ்ப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் போன திசையையே பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். ஆறு வருடத்தை நான் ஏழெட்டு அள்ளில் மூடிவிட்டேன். முதலாளியிடம் என்ன சொல்வது, எந்த ஊருக்கு ஓடிப்போவது என்பதுவரை திட்டம் போட்டுவிட்டேன். கூலண்டு டப்பாவின் மூடியைத் திறந்து பார்க்கலாம் என்று கையைக் கொண்டுபோனேன். அவள் அந்தக் கையில் ஒன்று போட்டாள். “கொதிக்கிறதத் திறந்தா மூஞ்சி வெந்துபோகும்!”

அப்போது பக்கத்துப் பருத்திக்காட்டிலிருந்து ஒருவர் ஏறிவந்தார். முதுகில் மருந்தடிக்கிற கைப்பம்பு டேங்கு. என்ஜினை எட்டிப் பார்த்தார்.

“என்ன அண்ணாச்சி, விதைப்பா? கொஞ்சம் ஆழமா உழுதிருக்கலாமே.”

எனக்கு அழுகை வந்தது. அவள் சிரித்துவிட்டாள். கலந்தாய்வு விவரத்தை அவளே சொன்னாள். அவர் சிரிப்பை நிறுத்தினார்.

“பதினோரு மணிக்கா? அப்ப மொதல்ல குழாய் எங்கன கிழிஞ்சிருக்குன்னு பாப்போம். டேங்குல வெறுந்தண்ணிதான், இன்னும் மருந்து கலக்கல.”

“சூட்டுல பச்சத்தண்ணிய அடிச்சா இரும்பு வெடிச்சிரும்ணே. அரைமணி நேரம் பொறுப்போம்” என்றாள் அவள். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. “டீச்சர் சொன்னாச் சரி” என்று உட்கார்ந்துவிட்டார். இன்னும் வேலை கிடைக்காதவளை டீச்சர் என்று கூப்பிட்டது எனக்கும் நல்ல சகுனமாகப் பட்டது.

என்ஜின் ஆறியதும் அவர் பம்பை அடித்தார். தண்ணீர் பீய்ச்சிப் பீய்ச்சி, நான் விதைத்த கரிசலை எல்லாம் வழித்து இறக்கினார். அடியில் சுண்டுவிரல் தடிமனில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் குழாய். டப்பாவுக்குத் தண்ணீர் திரும்பிவருகிற குழாய். தொட்டதும் அப்பளமாக நொறுங்கியது. வண்டியின் எடை குறையட்டும் என்று அதைப் பிளாஸ்டிக்கில் செய்திருப்பார்கள், சூட்டிலேயே கிடந்து வருடம் போகப்போக இறுகிப் பொரிந்துபோகும் என்று மதுரை மெக்கானிக் ஒருவர் பிறகு விளக்கினார். பறக்கிற என்ஜினுக்கு அப்பளத்தில் குழாய்.

பருத்திக்காட்டுக்காரர் தன் பம்பின் ரப்பர்க் குழாயையும் என்ஜினையும் மாறிமாறிப் பார்த்தார். இடுப்பு அரிவாளை எடுத்து ஒரு சாண் அறுத்தார்.

“ஐயோ, இன்னைக்கு மருந்தடிப்பு?” என்றேன்.

“புழு இன்னொரு நாள் தின்னுட்டுப் போகுது. பசியாறட்டும்.”

இரண்டு முனையிலும் பழைய கிளிப், அதற்குமேல் வேலிக் கட்டுக்கம்பி ஒரு சுற்று. டேங்கில் மீதமிருந்த தண்ணீர் எல்லாம் வண்டிக்குள் போனது. மூடியை அரைச்சுற்றுத் தளர்த்தி வைக்கச் சொன்னாள் என் மனைவி, உள்ளே அழுத்தம் ஏறாதாம். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கிளம்பினோம்.

“இப்ப ஹீட்டரப் போடுங்க” என்றாள்.

“இந்த வெயில்லயா?”

“என்ஜின் சூட்டை அது இங்கன இழுத்துக்கிடும். நம்ம வெந்தா என்ன, அது வேகாம இருக்கணும்.”

கரிசல் சீமையில் காருக்குள் ஹீட்டர் போட்டு ஓடியவர்கள் நாங்கள் இரண்டு பேராகத்தான் இருக்கவேண்டும். ஐம்பதைத் தாண்டவில்லை. சைக்கிள் ஒன்று எங்களை முந்தியதாக அவள் இன்றைக்கும் சொல்லுவாள், நான் ஒப்புக்கொள்ளவில்லை. முள்ளை அவள் பார்த்துச் சொல்ல, ரோட்டை நான் பார்த்தேன். “இருக்கு… இருக்கு… இறங்குது.” அவள் குரலில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தெம்பு கூடியது.

பதினோரு மணிக்கு நாலு நிமிடம் இருக்கும்போது வாசலில் நிறுத்தினேன். அவள் வியர்வையைத் துடைத்தபடி உள்ளே ஓடினாள். முழங்கை வரை கரிசலோடு நானும் நுழையப் பார்த்தேன். வாட்ச்மேன் தடுத்து, “சாக்கடை அடைப்பு பின்பக்கம்யா” என்றார். பின்பக்கம் போகாமல் வேப்பமரத்தடியில் நின்றேன்.

ஒன்றரை மணிக்கு வந்தாள். கையில் உத்தரவு. சிரிப்பை அடக்க முயன்று தோற்ற முகம். பெயரைக் கூப்பிடும்போது நாற்காலியில் இருந்தாளாம். கேட்ட இடமே கிடைத்திருந்தது, கடம்பூர் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். பிள்ளைகளுக்கு முதலில் எந்தப் பாடம் நடத்துவது என்றுகூட முடிவுசெய்துவிட்டாள்.

“அந்த ஊருக்கு ஒரு நாளைக்கு ரெண்டு பஸ்தானே? எப்படிப் போவே? தினமும் நான் வேணா முதலாளிகிட்ட வண்டி கேட்டு…”

“வேண்டாம்” என்றாள். “மொபெட் ஓட்டக் கத்துக்கிடுதேன். அதுக்கு ரேடியேட்டரே கிடையாது.”