முள் இறங்கிய வியாழக்கிழமை

அறுபதுகளின் நடுவில் சேலத்தில் ஒரு பட்டறையில் டீசல் பம்ப் மெக்கானிக்காக இருந்தேன். துளி தூசி விழுந்தாலும் பம்ப் கெட்டுவிடும் என்று என் அறைக் கதவைச் சாத்தியே வைத்திருப்பார்கள். வெளியே பத்துப் பேர் கும்மாளம் போட்டுக்கொண்டிருப்பார்கள், உள்ளே நான் ஒருத்தன். வாடகை வீட்டுக்குப் போனாலும் தனிக்கட்டைதான். சில நாள் சாயங்காலம் டீக்கடையில் வாயைத் திறந்தால் குரல் கரகரக்கும். அன்றைக்கு அதுதான் முதல் பேச்சாக இருக்கும்.

ராசிபுரத்து நெய் வியாபாரி ஒருவரின் டீசல் வேன் அப்போதுதான் வந்தது. டிரைவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பத்துப் பன்னிரண்டு மைல் போனதும் வண்டி திணறி நின்றுவிடுகிறது, இன்னொரு தடவை நின்றால் வேலை போய்விடும் என்றார். டேங்க் மூடியைத் திறந்து டீசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பம்ப்புக்குப் போகும் குழாயில் பிரஷர் கேஜை மாட்டினேன். முள் பதினைந்தில் ஆடாமல் நின்றது. மூன்று முறை வந்தார், மூன்று முறையும் அதே பதினைந்து. என் முன்னால் மட்டும் அந்த வண்டி நல்ல பிள்ளை. எனக்கு எரிச்சலாக வந்தது.

கடைசியில் கேஜை நீளக் குழாயில் மாட்டி கேபினுக்குள் வைத்துக்கொண்டு, அவரோடு ஏறி உட்கார்ந்தேன். அது ஒரு வியாழக்கிழமை. மகளுக்கு மாப்பிள்ளை தேடுவதை, மூட்டுவலியை, மாமியாரின் பிடிவாதத்தை எல்லாம் வழி நெடுகச் சொன்னார். அவ்வளவு சிரித்து எத்தனை காலமாயிற்றோ! மல்லூர் தாண்டியதும் முள் இறங்கியது. பன்னிரண்டு, எட்டு, நான்கு. வண்டி நின்றது. அவர் இறங்கிப் போய், டீசல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்தார். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது.

மூடியை வாங்கிப் பார்த்தேன். அதிலிருந்த சின்னத் துளையில் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. டீசல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று போக வழியில்லை. பட்டறையில் நானே ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து கோளாறை விரட்டிவிட்டு, அப்புறம் அதைத் தேடியிருக்கிறேன்.

ஓர் ஊசி போதும். நான் சொல்லவில்லை.

"அடுத்த வியாழனும் ஒருக்கா ஓட்டிப் பாக்கணுமுங்கண்ணா" என்றேன். இன்னொரு நாள் அவரோடு போக ஆசை, வேறொன்றும் இல்லை. அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை நெய் டின்களோடு வண்டி நடுவழியில் நின்றது. முதலாளி சாவியை வாங்கிக்கொண்டு அவரை அனுப்பிவிட்டார். மறுநாள் வேறொரு டிரைவர் வேனைக் கொண்டுவந்தார். துளையைக் குத்திவிட ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

வியாழக்கிழமை பழைய டிரைவர் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"வண்டி சரியாயிருச்சுன்னாங்க. என்ன கோளாறுங்க அது?"

சொன்னேன்.

"ஆயுத பூசைக்கு நாந்தானுங்க பூசினேன். அப்பத் தப்பு எம்மேலதான். மொதலாளியக் கோவிச்சு என்னங்க பண்றது?"

எப்போது கண்டுபிடித்தேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனா, தெரியாது. வெட்கத்தில் அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"எனக்காவ மெனக்கெட்டு வண்டியேறி வந்தீங்க பாருங்க, அத மறக்க மாட்டனுங்க" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.