கதிரைக்கு நான் போட்ட ஓட்டைகள்

எண்பதுகளின் தொடக்கத்தில், கல்முனைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டு வளவுக்குள் புதுச் சாமான்களுக்கு வயசேற்றும் வேலை நடந்தது. வாப்பா ஓடாவி, மர வேலையில் கெட்டிக்காரர். வெள்ளைக்காரருக்குப் பழஞ்சாமான் விற்கும் கொழும்புக் கடைக்காரர் ஒருவர், "பழசு கிடைக்குதில்ல, பழசு மாதிரிச் செஞ்சு தாங்க" என்று கேட்டதில் தொடங்கியது அது. துருப்பிடித்த ஆணிகளைப் புளிப்பேறிய வினாகிரியில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைத் தேயிலைச் சாயத்துக்கு மேல் பூசினால், நேற்று அறுத்த பலகை கறுத்துக் கிழடாகிவிடும். பித்தளைக் குமிழ் ஆணிகளை உப்புத் தண்ணீரில் நனைத்து ஆட்டுக்கொட்டில் எருவுக்குள் புதைப்போம். அவை பச்சை பூத்து வெளியே வரும் நாளில் அந்த நாற்றத்தில் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது.

வண்டு அரித்த ஓட்டை போடுவது என் பொறுப்பு. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயசு. என்னைப் பெண் கேட்டு வந்த கலியாணப் பேச்சு ஒன்றும் ஒட்டாத கோபத்தை எல்லாம் அந்தப் பலகைகளில்தான் காட்டினேன். சைக்கிள் கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சிக் குத்துவேன். முதல் நாள் வாப்பா பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"என்ன புள்ள இது, ஒரே வரிசையில? இந்த வண்டு பள்ளிக்கூடத்தில படிச்சதா?"

அதன்பிறகு என் வண்டுகள் ஒழுங்குகெட்டு வளர்ந்தன.

கொழும்புக்காரர் எல்லாம் தெரிந்துதான் வாங்கினார், அதில் எங்களுக்குக் குற்றமில்லை. வினை வந்தது ஊருக்குள்ளேதான். புதிதாகப் பணம் பார்த்த அரிசி மில் முதலாளி ஒருநாள் வளவுக்கு வந்து, காயவைத்திருந்த, சாய்ந்து படுக்கும் சாய்மனைக் கதிரையைக் கண்டு மயங்கி நின்றார். எங்கே கிடைத்தது என்று கேட்டார். 'நான்தான் செய்தேன்' என்று வாப்பா சொல்லியிருக்கலாம். என்ன நினைத்தாரோ, "அட்டாளைச்சேனையில நூறேக்கர் வயல் வச்சிருந்த ஒரு பழைய போடியார் வீட்டுக் கதிரை" என்று சொல்லிவிட்டார். கதிரை அன்றே மில் முதலாளி வீட்டுக்குப் போனது. அடுத்த மாதம் அவர் ஊருக்குச் சொன்ன கதையில், அது அவருடைய வாப்பாவைப் பெற்ற மூத்தாப்பாவின் கதிரையாகிவிட்டது. அதைக் காட்டியே மகளுக்கு நல்ல இடத்தில் சம்பந்தமும் பேசி முடித்தார்.

மூன்று வருசம் போனது. சவூதியில் சாரதியாக இருந்த என் மூத்த சகோதரர் வாப்பாவை ஹஜ்ஜுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். எங்கள் பக்கத்தில் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் வீடுவீடாகப் போய், செய்த பிழைகளுக்குப் பொருந்திக்கொள்ளச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். வாப்பா பலகை விற்கும் மரக்காலைக்காரரிடம் கேட்டார், வேலிச் சண்டை பிடித்தவரிடம் கேட்டார். மில் முதலாளி வீட்டுக்குப் போனபோது அங்கே மகளின் மாமனாரான சம்பந்தக்காரர் வந்திருந்தார்.

"முதலாளி, இந்தக் கதிரை விசயமா ஒண்டு கதைக்கணும்…"

கதிரையை விலைக்கு வாங்கிய கதை வெளிவரப் போகிறதென்று முதலாளி துள்ளி எழுந்தார். "பொருந்திட்டன் ஓடாவியார்! எல்லாத்தையும் பொருந்திட்டன்! முதல்ல வட்டிலப்பம் தின்னுங்க."

மூன்று தடவை போனார், மூன்று தடவையும் வட்டிலப்பத்தோடு திரும்பி வந்தார். கடைசியில் சோற்றுக்கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டார்.

"என்னத்துக்கெண்டு தெரியாமப் பொருந்தினா அது சேருமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவர் மட்டும் ஊருக்கெல்லாம் பொய் சொல்லல்லியா வாப்பா?"

"அவர்ர பொய்ய அவர் பாத்துக்குவார். எண்ட பொய்யத் தூக்கிட்டு நான் எப்பிடிக் கஃபாவுக்கு முன்னால போய் நிக்கிற?" என்று சொன்னவர் அழுதுவிட்டார். வாப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. வெட்கமாகவும் வேதனையாகவும் இருந்தது. மறுநாள் மத்தியான லுஹர் தொழுகை முடிந்ததும், விருந்தாளி யாரும் இல்லாத நேரம் பார்த்து நானும் கூடப் போனேன்.

வாப்பா நின்றபடியே முழுவதையும் சொல்லி முடித்தார். முதலாளி கதிரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"அப்ப இந்த ஓட்டை?"

"அதுவும் நாங்க போட்டதுதான்."

"யா அல்லாஹ்! மூணு வருசமா வண்டு சாகட்டுமெண்டு வெள்ளிக்கு வெள்ளி கோழிச் சிறகால மண்ணெண்ணெய் ஊத்திட்டு வாறன் நான்!" அவர் கைப்பிடியில் ஓங்கித் தட்டினார். "கதிரைக்குப் பொருந்திட்டன் ஓடாவியார். ஓட்டைக்கு மாட்டன். ஆர் போட்ட?"

முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு முன்னால் வந்தேன். "நான்தான் முதலாளி."

இந்த மனிசன் மாட்டேன் என்று நின்றால் வாப்பா பாதி மன்னிப்போடுதான் கப்பலோ விமானமோ ஏற வேண்டும். அவர் ஏறவே மாட்டார் என்பது எனக்குத் தெரியும். முதலாளி விசாரணைக்காரர் மாதிரி ஒவ்வொரு ஓட்டையாக விரல் வைத்தார்.

"இது?"

"நான்."

"இது?"

"அதுவும் நான்."

கைப்பிடி, முதுகுப் பலகை, முன்கால் எல்லாம் முடிந்து பின்காலுக்கு வந்தார். "இது?"

குனிந்து பார்த்தேன். என் ஓட்டைகளுக்கு விளிம்பு கருகியிருக்கும். இது சுத்தமாக இருந்தது. தொட்டதும் மாவுபோல மரத்தூள் சீமெந்துத் தரையில் உதிர்ந்தது.

"இது நானில்ல முதலாளி. இது மெய்யான வண்டு."

அவர் தொப்பியோடு தரையில் குந்தினார். தூளை விரலில் எடுத்துத் தேய்த்தார், மணந்து பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"மெய்யாவா?"

"ஓம்."

"அல்ஹம்துலில்லாஹ்! எல்லாத்துக்கும் பொருந்திட்டன், போய்ட்டு வாங்க ஓடாவியார்" என்று வாப்பாவைக் கட்டிப்பிடித்தவர், உள்பக்கம் திரும்பிப் பெண்சாதிக்குக் கேட்கச் சத்தம் போட்டார்: "இஞ்ச, இனி இந்தக் கதிரைக்கு ஒருத்தரும் மண்ணெண்ணெய் ஊத்தப்படாது!"